சூரியன் மேற்கில் உதிக்கும் கோள்

சூரியன் மேற்கில் உதிக்கும் கோள் புதன் என்று ஒரு நேர்முகப் பரீட்சையில் தேர்வாளர் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். அது பொய். அந்தக் கோள் வெள்ளி. நான் ஆயுள் முழுவதும் புவியியல் படிப்பித்தவன். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்ன அந்தப் பொய்யால், சரியான விடை சொன்ன புசல்லாவைப் பெண் ஒருத்திக்குக் கிடைக்க வேண்டிய ஆசிரியர் வேலை கிடைக்காமல் போயிற்று. வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் என் ஞாபகம் நன்றாக இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

ஓய்வு பெற்றபின் ஒரு பொது அறிவுக் கைநூல் எழுதினேன். கண்டி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பரீட்சைக் காலத்தில் கயிற்றில் தொங்குமே, அந்த வகை. உலகின் மிக நீளமான நதி, மிகச் சிறிய நாடு, மிகப் பெரிய கோள். பொது அறிவின் உலகத்தில் எதுவும் சாதாரணமாக இருக்கக் கூடாது. நடுத்தர உயரமுள்ள மலையையோ சுமாரான ஆற்றையோ எந்த வேலைக்கும் யாரும் கேட்பதில்லை. இலங்கையில் நீளமானது என்பதால் மகாவலி தப்பியது.

இந்த உலகத்தின் கெட்ட பழக்கம், அச்சிட்ட பிறகு மாறுவது. புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து தள்ளினார்கள். சுவாசிலாந்து பெயரை மாற்றிக்கொண்டது. துணைக்கோள் யாருக்கு அதிகம் என்பதில் வியாழனும் சனியும் கிரிக்கெட் ஆடுவதுபோல மாறி மாறி முந்திக்கொண்டன. கசகஸ்தான் தன் தலைநகர் அஸ்தானாவுக்கு வேறு பெயர் வைத்தது. சோம்பலால் நான் அதைத் திருத்தாமல் விட்டேன். சில வருடங்களில் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பி வந்தார்கள். ஒன்றும் செய்யாமலேயே என் புத்தகம் மறுபடி சரியாயிற்று. "எவ்வளவு கவனமா பார்த்திருக்கீங்க சேர்" என்று கடைக்காரர் ஒருவர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

என் புத்தகத்தைக் கம்பளையில் டியூஷன் நடத்தும் ஒருவர் வருடாவருடம் களவெடுத்துவந்தார். அட்டை அவருடையது, உள்ளே எல்லாம் என்னுடையது. என் எழுத்துப் பிழைகளைக்கூட மரியாதையோடு அப்படியே வைத்திருந்தார். முன்னுரையில் நான் என் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தேன். அவரும் தன் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார். அப்போது அவருக்குக் கலியாணமே ஆகவில்லை.

கேட்டால், "பொது அறிவு தானே சேர்? பொதுவானதுக்கு எப்படி ஒருத்தர் உரிமை கொண்டாடுறது?" என்பார்.

வரைபடம் தயாரிப்பவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. இல்லாத ஒரு தெருவை வரைந்து வைப்பார்கள். இன்னொருவனுடைய படத்திலும் அந்தத் தெரு இருந்தால் கள்ளன் அகப்பட்டான். நானும் ஒரு தெரு வரைய நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த விடயத்தில் வைத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே யாரும் நின்று பார்க்காத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த பதிப்பில் "சூரியன் மேற்கில் உதிக்கும் கோள்: புதன்" என்று வந்தது. ஒரே சொல்தான் மாற்றினேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டியில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து செழித்த ஒரு முதலாளி ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயர்ப்பலகையில் சர்வதேசப் பாடசாலை என்று இருந்தது. சர்வதேசம் பெரும்பாலும் பாடசாலை வேனின் பக்கவாட்டில் வரைந்த உலகப்படத்தோடு முடிந்தது; அதிலும் பெற்றோல் மூடி இருந்த இடத்தில் அவுஸ்திரேலியாவைக் காணோம். ஆனால் மனிதர் நல்லவர். படிக்க முடியாமல் போன ஏக்கத்தில் பாடசாலை கட்டியவர். படித்தவன் என்று என்மேல் அவருக்கு அளவுகடந்த மதிப்பு. ஆசிரியர்களைத் தெரிவு செய்யும்போது என்னைப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைப்பார். கேள்விகளை என் புத்தகத்திலிருந்தே எடுப்பார்.

அதில் அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி, நான் வைத்த பொறிதான். கடன் கேட்டு வருபவர்களிடம் "சூரியன் மேற்கில உதிச்சாலும் தர மாட்டேன்" என்று கடையில் காலமெல்லாம் சொல்லிவந்தவர் அவர். அப்படி ஓரிடம் உண்மையிலேயே இருக்கிறது என்று வாசித்ததும் ஆடிப்போனார்.

"அங்க நான் கடை போட்டிருந்தா என்ன கதி சேர்!" என்று சிரித்தார். அன்றிலிருந்து வந்தவர் எல்லோரிடமும் அதைக் கேட்டார்.

அந்தப் பெண் ஆரம்ப வகுப்பு ஆசிரியர் பதவிக்கு வந்திருந்தாள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆங்கில டிப்ளோமா முடித்து, புசல்லாவையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தவள். மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். கடைசியாக முதலாளி தன் பிரியமான கேள்வியைக் கேட்டார்.

"வெள்ளி, சேர்."

முதலாளி புத்தகத்தைப் பார்த்தார். "புதன்னு தானே ஈக்கி?" அவர் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி, சொல்லு என்பது செல்லு.

"இல்லைங்க சேர். வெள்ளிதான் மத்த கோளுக்கு எதிர்ப்பக்கமா சுத்துது. யுரேனஸையும் அப்படிச் சொல்லுவாங்க, ஆனா அது படுத்துக்கிட்டுச் சுத்துது. வேணும்னா போன்ல பாருங்க."

"போன்ல ஆயிரம் பொய் ஈக்கி. எழுதின ஆளே பக்கத்துல ஈக்கிறப்ப போன் எதுக்கு?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க செல்லுங்க சேர்."

கம்பளைக்காரரின் புதிய பதிப்பு அப்போது அச்சில் இருந்தது. நான் வெள்ளி என்று சொன்னால் செய்தி பரவும், பொறி கெட்டுவிடும். அதைவிட, "அப்ப ஏன் புத்தகத்துல பிழையா போட்டீங்க?" என்று முதலாளி கேட்பார். இந்த இரண்டையும் நினைக்க எனக்குக் கொஞ்ச நேரமே தேவைப்பட்டது.

"புதன்தான்" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

கம்பளைப் புத்தகம் வெளிவந்தது. புதன் அதில் பத்திரமாக இருந்தது. வெற்றிக் களிப்பில் இரண்டு புத்தகங்களையும் விரித்து என் மனைவிக்குக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவரு திருடினாருன்னு காட்டணும்னா, நீங்க பொய் எழுதினீங்கன்னு முதல்ல காட்டணும். யார்கிட்ட காட்டப் போறீங்க?"

 பொறியில் எலி இருந்தது. ஆனால் திறந்து காட்டினால் என் கையும் உள்ளே இருப்பது தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றியும் மனைவியிடம் சொன்னேன். அதன்பின் பல நாட்கள் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பதவியில் இருந்தவர் கட்டாருக்குப் போனார். இடம் வெறுமையானது. செய்தி கேட்ட மறுநாள் நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் புசல்லாவையில் இறங்கினேன். துணிக்கடையில் அவள் பூப்போட்ட சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தாள்.

"வாங்க சேர். சாரமா, சேட்டுத் துணியா?"

"ஒண்ணும் வாங்க வரல்லம்மா. வெள்ளிதான் சரி. அதைச் சொல்ல வந்தேன்."

"அது எனக்குத் தெரியுமே. இதச் சொல்லவா கண்டியிலேருந்து பஸ் ஏறினீங்க?"

"எனக்கும் அப்பவே தெரியும்."

அளந்த கை நின்றது. "தெரிஞ்சுக்கிட்டா சொன்னீங்க?"

பொறியின் கதையைச் சொன்னேன். என் மேசையில் அவ்வளவு சாமர்த்தியமாகத் தெரிந்த திட்டம், துணிக்கடை மேசையில் வைத்தபோது வெறும் அற்பத்தனமாக இருந்தது. அவள் முழுவதையும் கேட்டாள்.

"கம்பளையில ஒருத்தரைப் புடிக்க வலை போட்டு, புசல்லாவையில என்னையப் புடிச்சிருக்கீங்க."

"மன்னிச்சுக்கம்மா."

"அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம். அந்த எடம் இப்ப காலியா?"

"காலிதான்."

"அப்ப என்னையத் திரும்பக் கூப்புடச் சொல்லுங்க."

கூப்பிடச் செய்தேன். என் திட்டம் நேர்மையானது: அதே கேள்வி வரும், அவள் வெள்ளி என்பாள், முதலாளி என் பக்கம் திரும்புவார், நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன். பேச வேண்டிய வசனத்தைக் குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தும் இருந்தேன்.

அன்று முதலாளி கேட்டார். அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"புதன், சேர்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சேர்? இந்த முறை படிச்சிட்டு வந்தீக்கிறாங்க. சரிதானே?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அவள் விடை பிழையாகும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முதல் தடவை என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்ன பொய்யை, அதே கதிரையிலிருந்து அவளுக்காக இரண்டாம் தடவையும் சொன்னேன். வேலை கிடைத்தது.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னே? நான் உண்மையைச் சொல்லத்தானே வந்தேன்."

"நீங்க உண்மையச் சொல்லி, முதலாளி மொகம் கோணி, நான் மறுபடி துணி கிழிக்கவா? உள்ள போயிட்டா பிள்ளைகளுக்குச் சரியானத நான் சொல்லிக்கிறேன். ஆனா சேர், எனக்காகவும் இனிப் பொய் சொல்லாதீங்க. பழகிரும்."

அவள் சொன்னபடியே வகுப்பில் வெள்ளி என்று படிப்பித்தாள். ஒரு மாதத்துக்குள் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் என் புத்தகம், இன்னொருவர் கையில் கம்பளைப் புத்தகம். இரண்டு தனித்தனி ஆதாரங்கள் ஒன்றுபோலச் சொல்கின்றன, டீச்சருக்குப் பொது அறிவு போதாது என்றார்கள். அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். முதலாளி அவளையும் என்னையும் அழைப்பித்தார்.

இந்தத் தடவை அவள் என்னைத் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் வைத்த பொறி, முதல் பொய், இரண்டாவது பொய்.

முதலாளி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "இந்தக் கேள்வியக் கேட்டு எத்தின பேரத் திருப்பி அனுப்பினேனோ" என்றார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார். "வெளிய செல்லிராதீங்க சேர். பாடசாலைப் பேர் போயிரும். தவணைப் பரீட்சையில ரெண்டு விடைக்கும் புள்ளி போடச் செல்லுவோம்."

"வானத்துல ரெண்டு விடை இல்ல சேர்" என்றாள் அவள். "எழுதினவரு வகுப்புக்கு வந்து பிள்ளைங்ககிட்ட சொல்லட்டும். இல்லாட்டி நான் கடைக்கே போயிர்றேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் முன் நின்று, இந்தப் பக்கத்தில் நான் வேண்டுமென்றே பொய் எழுதினேன், உங்கள் டீச்சர் சொன்னதே சரி என்றேன். அவர்கள் அதிர்ச்சி அடைவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களுக்கு அது சந்தோஷமாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

"சேர், அப்ப மத்தப் பக்கமெல்லாம் சரியா?"

"சரிதான்" என்றேன்.

"அதப் பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றாள் அவர்களுடைய டீச்சர்.

அவள் வேலையில் நிலைத்துவிட்டாள். பெற்றோர் இப்போது மற்ற டீச்சர்களைப் பற்றி முறைப்பாடு செய்கிறார்கள். திருத்திய பதிப்பை அச்சிட்டேன். புதிதில் பிழை இருக்கிறதாம், பழையதும் கம்பளைப் புத்தகமும்தான் சரியாம் என்று கடைக்காரர்கள் பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். கம்பளைக்காரரே தொலைபேசியில் அழைத்து, "சேர், புதுப் பதிப்புல புதன் தவறிப்போச்சு. வயசாச்சில்ல, நான் பாத்துத் தரவா?" என்று அன்போடு கேட்டார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

மன்னிப்பைப் பற்றி அந்தப் பெண் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய வகுப்பு என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கிறது. சரிபார்த்த பக்கங்களை, பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டு, மாதாமாதம் எனக்கு அனுப்புகிறாள். கடலில்லாத நாட்டுக்கு நான் துறைமுகம் கொடுத்திருக்கிறேன். பாலைவனம் ஒன்று இடம் மாறிக் கிடக்கிறது. அவை எதுவும் நான் வைத்த பொறி அல்ல. அவர்கள் போட்ட கோடுகள் ஒவ்வொன்றையும் அட்லசோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அநேகமாக எல்லாக் கோடுகளுமே சரியாக இருக்கின்றன.