ஜூலிக்கும் ஒரு மூடி

பால் சொசைட்டியில் வாங்கிய கால்சியம் டானிக் கேனின் வெள்ளை மூடியை என் மாமியார் கையில் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சினைப் பசுவுக்கு அளந்து ஊற்றிவிட்டு, அதே கையோடு இன்னொரு மூடி நிரப்பி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வாசல்வரை நடந்து வந்து ஜூலியின் சோற்றில் கவிழ்ப்பார். தினமும் காலையில் இது நடக்கும். ஒருநாளும் தவறியதில்லை.

ஜூலி என் நாய். பொமரேனியன் கலப்பு, ஒரு பிடி உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். கல்யாணமாகி ஏரியூரிலிருந்து பாலக்கோட்டுப் பக்கம் நான் வந்தபோது பீரோ, கட்டில், மிக்ஸியோடு டெம்போவில் வந்து இறங்கியவள். சீரோடு நாயையும் கொண்டுவந்த மருமகள் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஜூலி சினையானதும் ஆளே மாறிவிட்டார். "மாட்டுக்கு ஒரு நாயம், நாய்க்கு ஒரு நாயமா கண்ணு? வவுத்துக்குள்ள எலும்பு வளருதில்ல" என்பார். கறவை மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் கால்சியத்துக்கு எதிராக யார் பேசுவது? எனக்கும் அது சரியென்றே பட்டது. தவிரவும் அத்தையிடம் தப்புக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். குழம்பில் உப்பு கூடிப்போனால் அவர் உப்பைத்தான் திட்டுவார்.

ஐந்து குட்டிகள் பிறந்தன. அத்தனையும் கொழுகொழுவென்று பால் குடித்து வளர்ந்தன. மூன்றாவது வாரம் ஒரு காலை, வீட்டுக்காரர் தக்காளி லோடோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஜூலி குட்டிகளை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். வெயிலே ஏறாத நேரத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தாள். நாலு அடி வைத்தாள். கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்து நடந்தன. ஐந்தாவது அடியில் சாய்ந்து விழுந்தாள்; உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது. வாயில் நுரை.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் கட்டையோடு ஓடிவந்துவிட்டார். வெறி பிடித்துவிட்டது, அடித்துப் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஊரையே கடித்துவிடும் என்றார். அத்தை நடுவில் வந்து நின்றார்.

"எங்க வூட்டு நாய் அது. கட்டைய கீழ போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாக்கை உதறி, முகத்தில் கைபடாமல் ஜூலியைச் சுற்றித் தூக்கினார். என் ஸ்கூட்டரைப் பார்த்தாலே பயந்து கும்பிடு போடுகிறவர், அன்று நான் கேட்பதற்கு முன்பே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய டிராக்டர்களை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு பறந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜூலியின் நடுக்கம் வண்டிவரைக்கும் தெரிந்தது. "ஓட்டு, ஓட்டு" என்று அத்தை என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா முதலில் கையுறை போட்டுக்கொண்டு தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். குட்டி போட்டு எத்தனை நாள், எத்தனை குட்டி என்று கேட்டார். காய்ச்சல் பார்த்தார். இது வெறி இல்லை, பால் கொடுத்துக் கொடுத்து ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்றார். முன்னங்காலில் முடியை மழித்து நரம்பில் ஊசியை ஏற்றினார். ஒரு கையில் சிரிஞ்சு, மறுகையில் நெஞ்சோடு அழுத்திய ஸ்டெதஸ்கோப். துளி ஏற்றுவார், நிறுத்துவார், இதயத்தைக் கேட்பார், மறுபடி துளி.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "வெரசா ஏத்துங்க டாக்டரம்மா, உசுரு போவுது."

"வேகமா ஏத்தினாதாம்மா போயிரும். நெஞ்சு நின்னுரும்."

நான் ஈரத்துணியால் ஜூலியின் பாதங்களைத் துடைத்துக்கொண்டே அந்தச் சிரிஞ்சை மட்டும் பார்த்திருந்தேன். மருந்து பாதிக்கு இறங்கியபோது தாடை உதறுவது நின்றது. பிறகு முன்னங்கால்கள் தளர்ந்தன. கால் மணி நேரம் இருக்கும், ஜூலி தலையைத் தூக்கினாள், சுற்றிலும் பார்த்தாள், எழுந்து நின்று டாக்டரம்மாவைப் பார்த்தே குரைத்தாள்! என் ஆயுசில் அப்படி ஒரு அதிசயத்தை நான் பார்த்ததில்லை. செத்துக்கொண்டிருந்தது, எழுந்து குரைக்கிறது. ஓவென்று கத்திக்கொண்டே அத்தையைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அத்தை பெருமையாகச் சொன்னார், சினை நாள் முழுக்கத் தினமும் ஒரு மூடி கால்சியம் கொடுத்தோமே, அப்புறமும் எப்படிக் குறைந்தது என்று. டாக்டரம்மா சிரிஞ்சைக் கீழே வைத்தார். சினைக் காலத்தில் வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போகும். திடீரென்று பால் சுரக்கும்போது உடம்பால் ஈடுகொடுக்க முடியாது. சினையாக இருக்கும்போது நல்ல சாப்பாடே போதும். குட்டி போட்ட பிறகு டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை கொடுக்கலாம். இதையெல்லாம் கடிந்துகொள்ளாமல்தான் சொன்னார். ஒருநாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடக்கூடாது என்று பவுடர் பாலும் எழுதிக் கொடுத்தார்.

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்து பவுடர் பாலைக் கரைத்து, சொட்டு ஃபில்லரில் எடுத்து ஐந்து குட்டிகளுக்கும் முறைவைத்துப் புகட்டினார். நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த வீட்டு நாய் சினையாக இருப்பதாக யாரோ சொன்னார்கள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். டாக்டர் பெயரைச் சொல்லி அறிவுரை சொல்வார், அல்லது கால்சியத்தைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற அந்தப் பெண்ணிடம் நேராகவே பேசினார்.

"சினையா இருக்கறப்ப மாட்டு கால்சியத்த ஊத்திராத கண்ணு. எங்க ஜூலிக்கு நாந்தான் ஊத்துனன். எந் தப்புதான். சாவப் பாத்துச்சு."

ஜூலி எழுந்து குரைத்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷமில்லை.