ஹைட்ராவும் பெண் பார்த்த படலமும்

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், பெண் செய்த தையல், பின்னல் எல்லாவற்றையும் கூடத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றார் அம்மா. சிங்கப்பூரில் எங்கள் தேக்கா பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அக்காவுக்கோ ஊசியில் நூல் கோக்கவே வராது. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுப்பவள். அப்பா யோசித்துவிட்டு, அவள் வகுப்புக்காக ஜன்னலோரம் வளர்த்து வந்த ஹைட்ரா பாட்டிலைத் தூக்கி வந்து நடு மேசையில் வைத்தார். பெண்ணின் கைவேலையாம்.

அக்காவின் கவலை வேறு. மாப்பிள்ளை வீட்டில் மூன்று அண்ணன்மார், மூன்று அண்ணிமார், ஒரே கடைவீட்டு மாடி, ஒரே அடுப்பு. "அங்க போனா வேலையை விட்டுட்டு மசாலா அரைச்சுக்கிட்டுதான் இருக்கணும். தனி வீடுன்னா சரி, இல்லன்னா வேணாம்பா" என்று சொல்லியிருந்தாள். அதை அவர்களிடம் கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பது வயதிருக்கும், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் காப்பியை அவருடைய அம்மாதான் ஆற்றிக் கொடுத்தார்.

அந்த அம்மாள் பாட்டிலை உற்றுப் பார்த்து, "இது என்னம்மா, நூல் நூலா?" என்றார்.

அக்கா வகுப்பறைக் குரலுக்குத் தாவிவிட்டாள். "உயிருள்ள பிராணிங்க. ஆணும் பெண்ணும் சேர வேண்டியதில்ல. உடம்புலயே மொட்டு மாதிரி ஒண்ணு முளைக்கும், அதுதான் குட்டி."

"கல்யாணமே இல்லாமயா?" அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்பா அவசரமாக லட்டுத் தட்டை நீட்டினார்.

"ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் தாய் தின்னுறதுதான் குட்டிக்கும் போகும். அப்புறம் அதுக்குன்னு சொந்தமா வாய் வந்துடும். சில நாள்லயே பிரிஞ்சு தனியா போயிடும்" என்றாள் அக்கா.

அம்மா அடுக்களை வாசலில் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். அக்கா கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்காமல் ஒரு லட்டை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டேன்.

"பிரிஞ்சா தாய் செத்துடுமா?" மாப்பிள்ளை வாய் திறந்தது அப்போதுதான்.

"ஒண்ணும் ஆகாது லா. தாய் நல்லாத்தான் இருக்கும்."

அவர் அக்காவின் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, பாட்டிலிடம் சொல்வதுபோல், "குவீன்ஸ்டவுன்ல தனியா ஒரு அரசாங்க வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்மா. உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு" என்றார்.

அவருடைய அம்மா பாட்டிலை விட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அப்போதுதான் தலை நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.