என் பேருக்கு ஊட்டிய ரொட்டி

நேற்று எங்கள் சங்கத்து அலுவலகத்தில் யாரோ பால்மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துப் பொங்க விட்டுவிட்டார்கள். மறதி நோய் கண்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இந்தச் சங்கம் இலவசமாகச் சிறு புத்தகங்கள் போடுகிறது. எழுதுவது நான். 'இல்லாத ஒருவரை அவர்கள் தேடினால் வாதாடாதீர்கள்' என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். தீய்ந்த பால் வாடை மூக்கில் ஏறியதும் பேனாவை மூடிவிட்டேன். வாதாடாதே என்று ஊருக்குச் சொல்ல நான் யார்? இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கைக்குழந்தையோடு போட்டி போட்டவள் நான். அப்போது எனக்கு இருபது வயது. சிரிக்காதீர்கள்.

அந்த வாடை எங்கள் பிள்ளைக் காம்பராவின் வாடை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள், மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு, எப்போதும் ஒரு ஈரக் கம்பளி நாற்றம். மத்தியானம் கொழுந்தை நிறுத்துப் போட்டதும் தாய்மார் நேரே அங்கேதான் ஓடுவார்கள். அம்மாவும் என்னைத் தூக்க அப்படி ஓடியவள்தான். எனக்கு அது நினைவில்லை. அம்மாவுக்குக் கடைசியில் அது மட்டும்தான் நினைவில் தங்கியது.

அவளுக்குப் புத்தி தடுமாறியது அறுபது வயதை எட்டும்போது. நோய்க்குப் பேரெல்லாம் அன்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யாருக்குத் தெரியும்? நாற்பதை நெருங்கும்போது பெற்ற ஒரே பெண் நான். அப்பா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பதிவில் எனக்கு நீளமாக ஒரு பேர் உண்டு, ஆனால் அம்மாவுக்கு நான் சிட்டு. "அடியே சிட்டு" என்று கூப்பிட்டால் மூன்று லயத்துக்குக் கேட்கும். அந்த அம்மா ஒருநாள் என்னிடம், "நீங்க யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் எனக்குத் தராத மரியாதை. அதற்குப் பதில் முதுகில் இரண்டு போட்டிருக்கலாம்.

மத்தியானச் சங்கு ஊதினால் போதும், அம்மா பிள்ளைக் காம்பராவுக்குக் கிளம்பிவிடுவாள். காலையில் நான் சுட்டு வைத்த ரொட்டியில் பாதி முந்தானையில் முடிந்திருக்கும். கொழுந்தைப் போட்டுவிட்டு நான் பின்னாலேயே ஓடுவேன். "எம்புள்ள சிட்டு எங்க, ஆயம்மா?" என்று வாசலில் நிற்பாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மா நல்ல மனுஷிதான், ஆனால் அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பேச்சு வளர்க்காமல், பக்கத்து லயத்து சரசுவின் மகளைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, நான் சுட்ட ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டுவாள். "சிட்டு, எஞ்சிட்டு" என்பாள். அது பொக்கை வாயால் என் பேருக்குச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிப்பாட்டுவது நான், சேலை துவைப்பது நான், பேர் மட்டும் அதற்கா?

ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"நாந்தாம்மா சிட்டு. என்னைய நல்லாப் பாரு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம்புள்ள இம்புட்டுத்தான் இருக்கும். நீங்க போயி ஒங்க அம்மாவப் பாருங்க."

நான் எங்கே போவேன்?

பிறகு சரசு குடும்பம் நல்லதண்ணிப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டது. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் அம்மா தொட்டில் தொட்டிலாகத் தேடினாள். ஆயம்மா வேறொரு பிள்ளையை நீட்டினாள், அம்மா வாங்கவில்லை. ரொட்டி முடிச்சைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அந்தப் பிள்ளையை எங்கிருந்தாவது கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட மாட்டோமா என்று எனக்கே ஆகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து, "சிட்டு நல்லா இருக்கும்மா" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா? பசியாறுச்சா?"

"ஆறிருச்சு. அதோட அம்மாவ விட்டு ஒரு அடி நகர மாட்டேங்குது."

அம்மாவின் அழுகை நின்றது.

"குடுத்து வச்சவ, அவ அம்மா" என்றாள்.

அது பொறாமைதான். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? பிறகு முடிச்சை அவிழ்த்து ரொட்டியை என் கையில் வைத்து, "நீங்களாச்சும் தின்னுங்க" என்றாள். தின்றேன்.

சங்கத்துக்கு வரும் பெண்கள் சிலர், அம்மா தங்கள் பேரை மறந்துவிட்டதாகச் சொல்லி அழுவார்கள். அப்புறம் கைபேசியை எடுத்து, அம்மா முன்பு தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். நான் ஆறுதல் சொல்லுவேன். உள்ளே வயிறு எரியும். லயத்தை இடித்துவிட்டார்கள், பிள்ளைக் காம்பரா இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது, ஆயம்மாவும் போய்விட்டாள். மூன்று லயத்துக்குக் கேட்ட அந்த "அடியே சிட்டு" இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் மறந்துவிட்டால் அவ்வளவுதான்.