பக்கத்துக் கட்டில் மீனவர்

திருகோணமலையில் ஒப்பரேஷன் முடிந்து நான் படுத்திருந்த வார்டில், பக்கத்துக் கட்டிலில் சல்லி என்ற கடலோரக் கிராமத்து மீனவர் ஒருவர் இருந்தார். வெயிலில் கறுத்த, அகன்ற தோள்கள். குடலில் புற்றுநோய் என்று வெட்டியெடுத்து, மலம் போக வயிற்றில் ஒரு பையைப் பொருத்தியிருந்தார்கள். பையை மாற்றும் விதத்தைக் காட்டும் வீடியோவைத் தாதி அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தார். அவர் அதைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார். மனைவி வந்தால் போனைக் கவிழ்த்துவிடுவார்.

ஒருநாள் தாதியிடம் கேட்டார்.

“மிஸ்ஸி, இதில வாற ஆள் குளிக்கிறார், கந்தோருக்கு வேலைக்குப் போறார். கடலுக்குப் போறவைக்கு வீடியோ இல்லையோ?”

“வலை இழுக்க ஏலாது ஐயா. டொக்டர் சொன்னவர்தானே?”

“இழுக்கமாட்டன். சும்மா வள்ளத்தில இருக்கலாமோ?”

“தேடிப் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டுத் தாதி நகர்ந்தார்.

வீடு திரும்பியபின் நானும் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் மறுபடி வள்ளம் ஏறினாரா, தெரியாது. சல்லிக்குப் போய் விசாரிக்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.