களத்தில் அடித்த கூடாரம்

எனக்குப் பதவி உயர்வு வந்ததில் என் மகளைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவளை மேலாளராக்கிக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம் அவருக்கு ஆபீஸ்தான். மகள் ஏழாம் வகுப்பு. எல்.கே.ஜி.யிலிருந்து கூடப் படித்த தோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் மலையில் இருந்து பார்ப்பது. பிடிக்காவிட்டால் ஜனவரியில் சென்னைக்குத் திரும்பி, அத்தை வீட்டில் தங்கிப் படிப்பது. அத்தை என்றால் என் நாத்தனார். அவர் பழைய பள்ளியிலேயே இடம் சொல்லி வைத்துவிட்டார்.

வாய் சரி என்று சொன்னதே தவிர, அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே, ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்கு இந்த மலையைக் காட்டிக் காட்டி மயக்குவது என்று முடிவு செய்தோம். லஞ்சம் என்றே சொல்லலாம். வங்கியில் வாங்காததை வீட்டில் கொடுத்தேன்.

ஆகாயகங்கைக்குப் போனோம். ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி அருவியில் நனைந்தபோது சிரித்தாள், ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டினாள். எனக்கும் கால் கழன்றுவிடும்போல இருந்ததால் பதிலுக்குத் திட்டினேன். புளியஞ்சோலை பார்க்க, எழுபது கொண்டை ஊசி வளைவையும் காரில் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். முப்பதாவது வளைவில் அவள் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்தது. ஓடையில் கால் நனைத்தபடி, "இந்தத் தண்ணிய மேலயே பாத்தோமே, இதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். படகுத்துறையில் மழை பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்பவரின் அன்னாசித் தோட்டத்தில் முதல் முறையாகக் கூடாரம் போட்டோம். குரங்கு வந்து ரொட்டியை எடுத்துப் போனது. அவளுக்கு அன்றைக்குக் குரங்கை மட்டும் பிடித்திருந்தது.

கூடாரம் என் கணவருடைய பைத்தியம். ஆன்லைனில் வாங்கினார். வீடியோ பார்த்துப் பார்த்து அதை விரிக்கக் கற்றுக்கொண்டார். விரிப்பதற்கு அரை மணி நேரம், மடித்துப் பைக்குள் திணிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். "நல்ல சமதளம் மட்டும் கிடைக்கட்டும், அப்புறம் பாரு" என்பார். கொல்லிமலையில் சமதளத்தைத் தேடுவது மொட்டைத் தலையில் வகிட்டைத் தேடுவது மாதிரி.

டிசம்பர் முதல் வாரம். தேர்வுக்கு இன்னும் பத்து நாள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்கும் அவருக்கும் தெரியும். மலையிலேயே ஆலத்தூர் நாடு என்கிற பகுதிக்குக் காரில் போனோம். சாலையில் எதிரே வந்த ஒருவரிடம், இங்கே ஓர் இரவு கூடாரம் போடலாமா என்று கேட்டோம். "பாறை ஓரமாப் போட்டுக்கங்க, ஒண்ணும் ஆவாது" என்று கையைக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார். பாறை ஓரம் ஒரே கல். அதற்கு இருபதடி மேலே ஏறிப் பார்த்த என் கணவர் புதையல் கண்டவர்போலக் கத்தினார். வட்டமாக, வழவழவென்று, ஒரு புல்கூட இல்லாமல் அப்படியொரு சமதளம். நடுவில் ஒரு கம்பம் வேறு. "விளக்கு மாட்டுறதுக்குன்னே நட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஷூக்காலோடு நடந்து, பதினாறு இரும்பு முளையைச் சுத்தியலால் அறைந்தோம். கம்பத்தடியில் சாணி உருண்டை ஒன்று கிடந்தது. "நமக்கு முன்னாடியே ஒரு மாடு வந்து ரிசர்வ் பண்ணிட்டுப் போயிருக்கு" என்று சொல்லி அவர் அதை ஒரு குச்சியால் தள்ளி ஓரத்தில் எறிந்தார். மகள்கூடச் சிரித்தாள். சேமியா உப்புமா சாப்பிட்டுத் தூங்கினோம்.

காலையில் வெளியே வந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தச் சாணி உருண்டையைத்தான். வெளிச்சத்தில் அதன் தலையில் அருகம்புல் செருகியிருந்தது தெரிந்தது. அது சாணிப் பிள்ளையார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளையாரையே தூக்கி எறிந்த கதை எங்களுடையது.

நாங்கள் கூடாரம் போட்டிருந்தது கதிரடிக்கும் களம். சாணி போட்டு மெழுகி, பிள்ளையார் பிடித்து வைத்து, மறுநாள் சாமை அடிக்கத் தயாராக விட்டுப் போயிருக்கிறார்கள். கணவரை எழுப்பி அர்ச்சனையை ஆரம்பிப்பதற்குள், தலையில் சாமைக் கட்டோடு ஓர் அம்மாள் வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். பின்னால் அவர் வீட்டுக்காரர் இரண்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் கட்டைக் களத்துக்கு வெளியே இறக்கினார். எங்கள் கூடாரத்தைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, களத்துல செருப்புப் போட்டு மிதிக்கப்படாதுங்க."

அதட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி வாதாடியிருப்பேன், அந்த வித்தை எனக்குக் கைவந்தது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அவமானத்தில் கண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரும் ஷூவைக் கழற்றி வெளியே எறிந்தோம். கணவர் கூடாரத்தைப் பிடுங்கிய வேகத்தை எந்த வீடியோவிலும் காட்டியிருக்க மாட்டார்கள். பிடுங்கிய இடத்தில் பதினாறு ஓட்டைகள்.

"சாமை கடுகாட்டம் இருக்குமுங்க. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கை தவசத்தெ முழுங்கிப்போடும்" என்றார் வீட்டுக்காரர். பிறகு வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்திருந்தது. திரும்ப மெழுகினால் காய ஒரு நாள் வெயில் வேண்டும், மழை வந்தால் அதுவும் போச்சு. ஒரு வருஷச் சோறு கட்டுக்கட்டாக வெளியே கிடக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"என்னங்க பண்றது, மறுக்கா மெழுகோணும். வந்தது வந்துட்டீங்க, ஒரு கை புடிங்க" என்ற அந்த அம்மாள், என் மகளைப் பார்த்து, "சாமி, நீ வா, சாணி கரைக்கலாம்" என்றார்.

என் மகள் தோசையில் கருகல் இருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவள். சரி, ஒப்பந்தம் இதோடு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்காரர் புற்றுமண் கொண்டுவந்தார். ஓட்டையை அடைக்கும் வேலை மகளுக்கு. ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்து, "இது அப்பா அடிச்சது, கோணலா இருக்கு. இது அம்மா அடிச்சது, ரொம்ப ஆழம்" என்று தீர்ப்புச் சொன்னாள். "உங்கம்மா கோவத்தோட அடிச்சிருக்குது கண்ணு" என்றார் அந்த அம்மாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கூட்டு. நானும் என் கணவரும் குனிந்து மெழுகினோம். கம்பத்தடியில் புதுப் பிள்ளையாரைப் பிடித்து வைத்ததும் மகள்தான். தும்பிக்கை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நாங்கள் செய்த காரியத்துக்கு வேறு யாராவது கூடாரத்தையே கொளுத்தியிருப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே தூறல் விழுந்தது. வீட்டுக்காரர் சாக்கைத் தேடி ஓடினார். மகள் கூடாரத்தின் மேல்துணியை இழுத்துக்கொண்டு ஓடினாள். நல்ல விலை கொடுத்து வாங்கிய துணி, ஒரு சொட்டு உள்ளே விடாது. சாமைக் கட்டுகளை அடுக்கி அதைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். கணவருக்கு அரை மனசுதான். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். துணி அங்கேயே தங்கிவிட்டது.

நாலு நாள் மழை. மகள் தினமும் வானத்தைப் பார்த்தாள், கட்டு நனைந்திருக்குமா என்று கேட்டாள். மழை விட்டதும் மறுபடியும் மெழுகிக் காயவைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் பஸ் ஏறி வங்கிக்கே வந்துவிட்டார். "ஞாயித்துக்கெழமெ அடிக்கறமுங்க. பாப்பாவெ மறக்காமக் கூட்டியாங்க." திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன், மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். மாடுகள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிக் கதிரை மிதிக்கும். பின்னாலேயே ஒரு கூடையோடு நடக்க வேண்டும். மாடு வாலைத் தூக்கினால், சாணி தானியத்தில் விழுவதற்குள் கூடையில் பிடிக்க வேண்டும். என் பதவி உயர்வைவிடப் பெரிய பொறுப்பு என்பதுபோல நடந்தாள். நான் வைக்கோல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நாத்தனார் போன் செய்தார்.

"நாளைக்குள்ள பேர் குடுக்கணுமாம், இல்லன்னா சீட்டை வேற யாருக்கோ குடுத்துடுவாங்களாம். அவகிட்டயே குடு, நானே கேக்கறேன்."

ஆறு மாதமாக அருவி, படகு, குரங்கு என்று காட்டியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஸ்பீக்கரைப் போட்டுக் களத்தின் ஓரமாக நீட்டினேன். ஜனவரியில் வருகிறாயா என்று அத்தை கேட்டார்.

"அத்தை, இருங்க, இருங்க, மாடு வாலைத் தூக்குது!" என்று அவள் ஓடினாள். சரியாகப் பிடித்தாள். களத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அத்தைக்கு ஒன்றும் விளங்காமல் "ஹலோ, ஹலோ" என்றார். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மே மாசம் லீவுக்கு வரேன் அத்தை. பத்து நாள் இருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மாட்டின் பின்னால் போய்விட்டாள்.

பத்து நாள்தானா என்று நாத்தனாருக்குக் கோபம். எனக்கு அந்தப் பத்து நாளே அதிகம் என்று பட்டது.