மஞ்சள் பூசி வந்த இரைப்பை

ஓசூரில் நான் வேலை பார்த்த பழைய கம்பெனி ஆட்கள், டீக்கடையில் என்னைப் பார்த்ததும் "புழு இஞ்சினியர் வரான், தள்ளி உக்காருங்கடா, ஒட்டிக்கும்" என்பார்கள். கோபமே வராது. மெஷினில் போல்ட் கடைந்துகொண்டிருந்தவன், வீடியோ பார்த்துக் கம்ப்யூட்டர் கற்று, ஆட்டுப் புழுக்களின் மரபணுவைப் படிக்கும் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் வேறு என்ன சொல்வார்கள்?

ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒரு புழு உண்டு. பூச்சி மருந்து அதன் உடம்பில் ஒரு புரதத்தைப் பிடித்துக் கொல்லும். புழுவின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்துக்குப் பிடி கிடைக்காது. புழுவின் மரபணுவைப் பெங்களூர் ஆய்வகம் படித்து அனுப்பும் எழுத்துக் குவியலை ஏற்கெனவே தெரிந்த புழுவின் எழுத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை.

நாட்றாம்பாளையத்து அக்கா ஒருவருக்கு ஆடுகள்தான் பிழைப்பு. எத்தனை முறை மருந்து ஊற்றியும் ஆடுகள் இளைத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. "மருந்தைக் குடிச்சிட்டு புழு கொழுக்குது, ஆடு இளைக்குது தம்பி. இருக்கிறதும் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்று போனில் கேட்டார். எங்கள் ஆய்வாளர் மேடம் திருநெல்வேலிக்காரர். "அடுத்து ஆடு அறுக்கும்போது இரைப்பையை அனுப்பச் சொல்லுங்கண்ணே, புழுவை எடுத்துப் பார்த்துருவோம்" என்றார்.

வீட்டு விசேஷத்துக்கு ஆடு அறுத்ததும் அஞ்செட்டி பஸ்ஸில் பெட்டி வந்தது. திறந்தோம். வெந்நீரில் கழுவி, சுண்ணாம்பு போட்டுச் சுரண்டி, மஞ்சள் பூசிய இரைப்பை பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அரைத்த மசாலா ஒரு பொட்டலம். புழு மட்டும் ஒன்றுகூட இல்லை.

போன் போட்டேன்.

"கழுவாம எப்டி தம்பி குடுத்து வுடறது? பஸ்ஸு ஏத்தி ஒருத்தரு வூட்டுக்கு அனுப்பற பொருளு. நாலு பேரு என்னை என்னா நினைப்பாங்க?"

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மசாலாவை வீட்டுக்கு எடுத்துப்போனவரும் அவரே.

இன்னொரு ஆட்டை அறுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. புழுக்கையில் புழுவின் முட்டை இருக்கும். அதைப் பொரிய வைத்து, வெளிவரும் குட்டிப் புழுவையும் படிக்கலாம். புழுக்கை வேண்டும் என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு, இந்த முறை நாங்களே பைக்கில் கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் பட்டி கண்ணாடிபோல் இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று விடியலிலேயே கூட்டி, தண்ணீர் தெளித்து, வாசலில் கோலமும் போட்டு வைத்திருந்தார் அக்கா. புழுக்கையெல்லாம் எருக்குழிக்குப் போய்விட்டது.

"அக்கா, அதுக்குத்தான் வந்தோம்!"

"ஐயோ, அதையா கேட்டீங்க? நான் விளையாட்டுன்னு நினைச்சிட்டேன்!"

பிறகென்ன, ஆட்டுக்குப் பின்னால் கவரோடு குந்தியிருந்தோம். அக்கா ஒவ்வோர் ஆட்டையும் தடவிக்கொடுத்து, "போடு கண்ணு, போடு. பெரிய படிப்புப் படிச்சவங்க காத்துனு இருக்காங்க இல்ல?" என்று கெஞ்சினார். ஒரு கிடா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. "கவர்மெண்ட் ஆபீசர் மாரி பண்ணுதுண்ணே" என்றார் மேடம். வெயில் ஏறியபிறகுதான் ஆடுகள் மனமிரங்கின. களியும் கீரைக் குழம்பும் சாப்பிடாமல் அக்கா எங்களை விடவில்லை.

முட்டை பொரிந்து, பெங்களூர் போய், எழுத்துகள் என் திரைக்கு வந்தன. ஒப்பிட்டு ஓட்டினேன். சந்தேகப்பட்ட இடத்திலேயே எழுத்து மாறியிருந்தது. அங்கொன்று இங்கொன்று அல்ல, ஏறக்குறைய எல்லாப் புழுவிலும். அக்கா ஊற்றியது புழுவுக்கு வெறும் தண்ணீர். மேடம் கால்நடை மருத்துவரிடம் பேச, அவர் ஆடுகளின் எடை பார்த்து வேறு வகை மருந்தைக் கொடுத்தார். அதன்பின் வந்த நாட்களில் அக்காவின் போன் வந்தாலே எடுக்கத் தயங்குவேன். இன்னொன்று செத்தது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைப்பேன்.

ஒரு காலை அக்கா கூப்பிட்டார். பின்னால் யாரோ கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, ஆடுங்க எப்படி இருக்கு?"

"எப்டி இருக்கா? வேலியைத் தாண்டி பக்கத்துக்காரன் ராகியைப் பூராத் தின்னுட்டு நிக்குதுங்க! அவன் வாசல்ல வந்து சண்டை போடறான். எழுந்திரிக்க மாட்டாம கெடந்ததுங்க தம்பி, இப்ப பிடிக்கவே முடியல. இதுக்கு ஒரு மருந்து உன் கம்ப்யூட்டர்ல இருந்தா பாரு!"

சொல்லிவிட்டு, கத்துகிறவருக்கும் கேட்கும்படி அவர் சிரித்தார்.