முப்பது விநாடி பிந்திய அட்சதை

என் மனைவியின் தம்பி மகளுக்கு மும்பை செம்பூரில் கல்யாணம். பெண்ணின் பெரியப்பா, அதாவது என் மனைவியின் அண்ணன், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திருநெல்வேலியை விட்டு நகர முடியாமல் இருந்தார். பெரியவருடைய அட்சதை விழாமல் மற்றவர்கள் போடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். முன்பு ஒரு கல்யாணத்தில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் யாரோ போட்டுவிட்டார்கள். அந்த வீட்டோடு அவருக்கு இன்றுவரை பேச்சில்லை. தன் வீட்டோடும் அப்படி ஆகிவிடுமோ என்று பெண்ணின் அப்பாவான மைத்துனர் கலங்கிப்போயிருந்தார்.

கைப்பேசியில் பார்க்கலாம் என்றதைப் பெரியவர் ஏற்கவில்லை. “தீப்பெட்டி சைசுல நான் கல்யாணம் பாக்கணுமாக்கும்? டிவில போடச் சொல்லும் மாப்ள,” என்றார் என்னிடம்.

தாராவியில் கேபிள் தொழில் செய்யும் ஒருவரைப் பிடித்தோம். கேமரா எடுக்கும் படத்தை என்கோடர் என்ற பெட்டி சுருக்கி, இணையம் வழியாகப் பெரியவரின் டிவிக்கு அனுப்பும். முதல் நாள் சோதித்தோம். பெரியவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு கேமரா முன் கைதட்டினேன். அந்தச் சத்தம் அவர் டிவியில் ஒலித்து என் காதுக்குத் திரும்ப முப்பது விநாடி ஆனது.

“இதான் லேட்டன்சி அண்ணே,” என்றார் கேபிள்காரர். “பஃபர்ல கொஞ்சம் படம் சேத்து வெச்சுட்டுத்தான் டிவி ஓட்டும். அதைக் கம்மி பண்ணா நின்னு நின்னு வரும். டென்ஷன் நை லேனேகா, கவலைய விடுங்க.”

பெரியவருக்கு விளக்கினேன்.

“அப்ப தாலிய முப்பது செகண்டு கழிச்சுக் கட்டச் சொல்லும்.”

“அப்பவும் அதுல இருந்து முப்பது செகண்டு கழிச்சுதான் உங்களுக்குத் தெரியும், மச்சான்.”

“சரி, ஒரு நிமிஷம் கழிச்சுக் கட்டட்டும்.”

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். தாலி கட்டியதும் மண்டபத்தில் எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்தபடி காத்திருப்பார்கள். பெரியவர் டிவியில் அதைப் பார்த்து, அட்சதை போட்டு, தொலைபேசியில் என்னிடம் சொல்வார். நான் கை உயர்த்தியதும் மற்றவர்கள் போடுவார்கள். மைத்துனர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

தாலி ஏறியது. கெட்டிமேளம் முழங்கியது. ஒருவரும் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் மூடிய கையோடு நின்றார்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி என்னையே பார்த்தார்.

“மச்சான், பாத்தீங்களா?”

“சக்கரம் சுத்துது மாப்ள.”

பஃபர் காலியாகிவிட்டது. இப்படிப் படம் நிற்கும் நேரமும் தாமதத்தோடு சேர்ந்துகொள்ளும். மணப்பெண் குனிந்த தலையை லேசாகத் திருப்பி, “கழுத்து வலிக்குது மாமா. ஹோ கயா க்யா? முடிஞ்சுதா?” என்றாள்.

“கட்டிட்டான்! போட்டுட்டேன்!” என்று பெரியவர் கத்தினார். நான் கை உயர்த்தினேன். மஞ்சள் அரிசி மொத்தமும் ஒரே வீச்சில் விழ, மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டார். மைத்துனர் மூச்சு விட்டார்.

தொலைபேசியில் பெரியவரின் குரல் மாறியது. “மாப்ள, நான் போட்டுட்டேன்னு சொன்னேம்லா? பொறவு ஏன் எல்லாரும் சிலையாட்டம் நிக்கானுவ?”

“இங்க எல்லாரும் போட்டாச்சு மச்சான்.”

“எங்க போட்டாச்சு? நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன். ஒருத்தன் கை அசையல. என் அட்சதைக்கு அவ்வளவுதான் மதிப்பா?”

நாங்கள் காத்து நின்ற காட்சி அப்போதுதான் அவர் டிவிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மைத்துனர் தொலைபேசியைப் பிடுங்கினார். “அண்ணே, உங்க மேல சத்தியமா எல்லாரும் போட்டுட்டாங்க.” மேடையில் மணமக்கள் தலையிலிருந்து அரிசியை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“பொய் சொல்லாதல. நானே சொல்லுதேன்.” பெரியவர் டிவியைப் பார்த்து உறுமியது எனக்கும் கேட்டது. “ஏல, போடுங்கல!”

அடுத்த கணம் அவர் டிவியில் மண்டபம் ஆர்ப்பரித்தது.

“பாத்தியால,” என்றார் தம்பியிடம். குரல் குழைந்திருந்தது. “இங்கேருந்து ஒரு சத்தம் குடுத்தேன். மண்டபமே போட்டுட்டு.”

“உங்க சொல்லுக்குத்தாம்ணே,” என்றார் மைத்துனர். அதைச் சொல்லிக்கொண்டே, தான் சத்தியம் செய்த காட்சி அங்கே போய்ச் சேருமுன் லைனைத் துண்டிக்கும்படி கேபிள்காரருக்குச் சைகை காட்டினார்.